தலையில் சட்டி, கையில் கும்பிடு

மனித உயிர் விலைமதிப்பற்றது என்பதை எண்ணெய்க் கம்பெனியின் தலைமை அலுவலகம் 1972-ஆம் ஆண்டு கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் அது என்ன பெறும் என்று யாரும் கேட்டதுமில்லை, கம்பெனி சொன்னதுமில்லை. கண்டுபிடித்த சூட்டோடு ஒரு சுற்றறிக்கை போட்டார்கள். அது பம்பாயில் கிளம்பி, சென்னையில் தங்கி இளைப்பாறி, காரைக்குடி எண்ணெய் டிப்போவுக்கு வந்து சேர்ந்தபோது வாங்கிக்கொண்டவர் பொறுப்பு மேனேஜர் நாகநாதன்.

பொறுப்பு மேனேஜர் என்பது ஒரு தனிப் பிறவி. மேனேஜரின் நாற்காலி உண்டு, சம்பளம் கிடையாது. மேனேஜர் வாங்க வேண்டிய திட்டு முழுசாக உண்டு. பழைய மேனேஜர் ஓய்வு பெற்றதிலிருந்து இந்தா அந்தா என்று வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சிங்கம்புணரியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு இறங்குவதற்குள், "இன்னும் நெரந்தரம் ஆகலையா மாப்ள?" என்று பங்காளிகளும் மச்சான்மார்களும் மாறி மாறிக் கேட்பார்கள். வீட்டில் அவர் மனைவி அழகி அவர்களுக்கும் மேலே.

"பொறுப்பு ஒங்களுக்குன்னா, மேனேஜரு எவருங்க? அவரையும் ஒருநா வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

ஆகவே சுற்றறிக்கையின் கடைசி வரியைப் படித்தபோது நாகநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த ஆண்டு விபத்தே நடக்காத டிப்போக்களில், பொறுப்பில் இருப்பவர்கள் நிரந்தரம் செய்யப்படுவார்கள். அன்றிலிருந்து மனித உயிரின்மேல் அவருக்கும் பெரிய அக்கறை வந்துவிட்டது.

டிப்போவில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தனித்தனி டேங்கு. தினமும் காலையில் ஒரு ஆள் ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் மூடியைத் திறந்து, கோலை உள்ளே விட்டு இருப்பை அளக்க வேண்டும். அது செம்மலையின் வேலை. ஏணியில் ஒரு பக்கத்துக் கைப்பிடி துருப்பிடித்து விழுந்து வெகுநாளாயிற்று. புதுக் கைப்பிடி கேட்டு நாகநாதன் எழுதியிருந்தார். கம்பெனி அதைப் பரிவுடன் பரிசீலித்து ஆளுக்கு ஒரு ஹெல்மெட் அனுப்பி வைத்தது.

"அய்யா, நாம கைக்குத்தானே கேட்டோம்? தலைக்குச் சட்டி வந்திருக்கு!" என்றான் செம்மலை.

"கை நழுவுனா தலைதானப்பா அடிபடும்? அதான் முன்யோசனை."

செம்மலை யோசித்துப் பார்த்தான். மேலிடத்து யோசனை என்றால் சும்மாவா என்று சட்டியை மாட்டிக்கொண்டான்.

இங்கேதான் வினை வந்தது. நம் பக்கத்தில் தலையில் துண்டு கட்டியவன் பெரிய மனுஷர் எதிரே வந்தால் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல இது. கை தானாகப் போகும். துண்டுக்கு என்ன முறையோ அதையே ஹெல்மெட்டுக்கும் செய்தார்கள். நாகநாதன் அறைக்குள் இருக்கும்வரை எல்லார் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. அவர் வெளியே கால் வைத்தால் எல்லார் கக்கத்திலும் இருந்தது.

"ஏப்பா, தலையில போடுங்கப்பா!"

"நல்லாருக்கே! ஒங்க முன்னால தலையில சட்டியோட நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்றான் செம்மலை. "போட்டுக்கிருவோம். நீங்க செத்த அங்குட்டுப் போங்க."

நாகநாதனுக்கு எரிச்சல் வந்தது. கூடவே உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது, பொய் சொல்வானேன்? கம்பெனி தராத மரியாதையைக் கக்கத்தில் இடுக்கிய ஹெல்மெட்டுகளாவது தந்தன. ஆனாலும் பாதுகாப்பை முன்னிட்டு, டிப்போவின் மேனேஜர் டிப்போவுக்குள் நடமாடுவதில்லை என்று முடிவு செய்தார். ஜன்னல் வழியாக நிர்வாகம் நடந்தது. எல்லாத் தலைகளும் பத்திரமாக இருந்தன.

வருஷம் முடியப் போகிற சமயத்தில் சென்னையிலிருந்து பாதுகாப்பு அதிகாரி மெய்யநாதன் ஆய்வுக்கு வந்தார். பம்பாயில் பயிற்சி பெற்றவர். ஏணி எதிலும் ஏறியதில்லை என்றாலும் ஏணியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். நாகநாதன் முதல் நாளே எல்லாரையும் கூட்டி, "நாளைக்கு யாராச்சும் சட்டியை எடுத்தீகன்னா எம் பொழப்புல மண்ணு விழுந்துரும்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார்.

சொன்னபடியே நின்றார்கள். அதிகாரி வந்தார், ஒரு கையும் தலைக்குப் போகவில்லை. நாகநாதன் நிம்மதியாக மூச்சு விட்டார். அப்போது மெய்யநாதன் அண்ணாந்து பார்த்தார். டீசல் டேங்கின் ஏணி உச்சியில் செம்மலை.

"யாரது?" என்றார் கம்பீரமாக.

செம்மலை குனிந்து பார்த்தான். மெட்ராஸ் அதிகாரி கீழே, தான் மேலே. அவர் தலைக்கு நேர் மேலே தன் கால். அவன் பதறிவிட்டான். ஒரு கை சட்டியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தது. கும்பிடு என்பது ஒரு கையால் போடுகிற காரியமல்ல. ஆகவே இரண்டு கையாலும் முறைப்படி கும்பிட்டான். கும்பிட்டபடியே கீழே வந்தான்.

தீயணைக்கக் கொட்டி வைத்திருந்த மணல் குவியல் உயிரைக் காப்பாற்றியது. வலது கால் எலும்பு முறிந்தது. அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு விசாரணையைத் தொடங்கினார்கள்.

"விழுந்தபோது தலையில் ஹெல்மெட் இருந்ததா?" என்று கேட்டார் மெய்யநாதன்.

"இல்லைங்க. ஒங்களைப் பார்த்துதான் எடுத்தான்."

"காரணம் கேட்கவில்லை, மிஸ்டர் நாகநாதன். விதிப்படி ஹெல்மெட் அணியாதவர் பணியில் இல்லாதவர். பணியில் இல்லாதவர் நம் தொழிலாளி அல்ல. எனவே விழுந்தவர் ஒரு வெளியாள்."

"வெளியாளு நம்ம ஏணியில எப்படிங்க ஏறுனான்?"

"அத்துமீறல்! அவன்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். நம் டிப்போவில் விபத்தே நடக்கவில்லை. அப்படி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், நீங்கள் நிரந்தரம்."

அன்று சாயங்காலம் நாகநாதன் ஆஸ்பத்திரிக்குப் போனார். செம்மலை மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அந்த நிலையிலும் தலையில் கட்டியிருந்த துண்டை அவசரமாக அவிழ்த்தான். அவன் பெண்டாட்டி காளியாயி அதைப் பிடுங்கி மறுபடி அவன் தலையிலேயே வைத்தாள்.

"அய்யா, வேலையில இல்லாத ஆளுன்னு எழுதப் போறாகளாமே, நெசமா? கும்பிட்டதுக்குக் கால் போச்சு. இனி வேலையும் போனா நாங்க எங்குட்டுப் போறது? ஏறச் சொன்னதும் நீக, கும்பிட வச்சதும் நீக. இப்ப யாரோ எவரோன்னா எப்புடி?"

நாகநாதன் மெல்ல வெளியே வந்தார். நெஞ்சு உறுத்தியது. நிரந்தரமும் கண்ணைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் அழகி விவரம் கேட்டாள்.

"அவனை வெளியாளுன்னு எழுதி நெரந்தரம் ஆகுறதுக்கு, நீங்க பொறுப்பாவே இருங்க" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

மறுநாள் நாகநாதன், வாழ்க்கையில் முதல் தடவையாக, நடந்ததை நடந்தபடி எழுதினார். விபத்துக்குக் காரணம்: அதிகாரியின் வருகை. அதிகாரி வந்திராவிட்டால் தொழிலாளி ஹெல்மெட்டை எடுத்திருக்க மாட்டார், கும்பிட்டிருக்க மாட்டார், விழுந்திருக்க மாட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலை நீக்க உத்தரவுக்காகக் காத்திருந்தார்.

வந்தது பாராட்டு. இவ்வளவு தெளிவான அறிக்கை கம்பெனி வரலாற்றிலேயே வந்ததில்லையாம். ஆபத்தான பொருள்களின் பட்டியலில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் இவற்றுக்கு அடுத்தபடியாக 'அதிகாரி' சேர்க்கப்பட்டார். அவர் டிப்போவுக்குள் வரும்போது முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து மணியடித்து எச்சரிக்க வேண்டும். அவர் டேங்குகளை நெருங்காதபடி மஞ்சள் கோடு போட வேண்டும். ஏணி ஏற முடியாத செம்மலைக்கு அந்தக் கொடியும் மணியும் வேலையாகக் கிடைத்தன. காளியாயி கோயிலில் பொங்கல் வைத்தாள்.

அதிகாரிகள் கோபித்துக்கொள்வார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் மெய்யநாதன் அடுத்த மாதமே மறுபடி வந்தார். முன்னால் கொடி, மணியோசை, எல்லாரும் விலகி வழி விடுகிறார்கள். சாமி புறப்பாடு மாதிரி இருந்தது. இன்னொரு முறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். செய்தி பரவியதும் சென்னையிலிருந்து வராத அதிகாரியெல்லாம் வந்தார்கள். டிப்போவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு தாசில்தார், தானும் ஆபத்தானவர்தான் என்று சொல்லிக் கொடி பிடிக்கச் சொன்னார்.

சித்திரை பிறந்ததும் நாகநாதனுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. சிறந்த அறிக்கைக்காக. பொறுப்பு போய் மேனேஜர் ஆனார். ஆகவே அவரும் அதிகாரி, பட்டியலில் உள்ளவர். காலையில் அழகி தேய்த்துக் கொடுத்த சட்டையோடு டிப்போ வாசலில் இறங்கினார். செம்மலை நொண்டிக்கொண்டே முன்னால் வந்து கொடியைத் தூக்கினான்.

"அய்யா, கோட்டுக்கு இங்குட்டே நின்னுக்கிருங்க. நீங்களும் இப்பத்திலருந்து ஆபத்து" என்று சிரித்துவிட்டு மணியை அடித்தான்.

மணிச் சத்தம் கேட்டால் அதிகாரி வருகிறார் என்று இதற்குள் எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. இப்போதெல்லாம் ஆளைப் பார்க்கக்கூடக் காத்திருப்பதில்லை. மணி கேட்ட உடனே டிப்போ முழுக்க ஹெல்மெட்டுகள் தலையைவிட்டு இறங்கிக் கக்கத்துக்குப் போயின. டேங்கு ஏணியில் செம்மலைக்குப் பதில் சேர்ந்த புது ஆள் சோணை, பாதி உயரத்தில் நின்றபடி தன்னுடையதையும் கழற்றினான். இரண்டு கையையும் குவித்தான்.

நாகநாதனுக்குத் திக்கென்றது. "எடுக்காதே, ஏணியப் பிடி!" என்று கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

ஆனால் அது நிரந்தர மேனேஜருக்குக் கிடைத்த முதல் கும்பிடு. எத்தனை வருஷமாகக் காத்திருந்தது! திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, அதைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். பிறகு செம்மலை பக்கம் திரும்பி, "மெய்யநாதன் சாருக்கு மணியை இன்னும் கொஞ்சம் பலமா அடிச்சாப்புல இருந்துச்சே?" என்று கேட்டார்.