பதினாறு தோல்களும் ஒரு நேர்கோடும்

நடந்தவை, நடந்த வரிசைப்படி:

1. காலை எட்டேகாலுக்குக் காட்பாடி ஸ்டேஷனில் ஜெர்மன் விருந்தாளியை ஏற்றிக்கொண்டேன்.
2. காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரை வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.
3. ஆம்பூர் கடைத்தெருவில் மாட்டு வண்டி ஒன்றின் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தோம்.
4. நம் கேட்டுக்குள் நுழையும்போது எஞ்சின் அணையப் பார்த்தது. அணைந்துவிடக் கூடாது என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.
5. அணையவில்லை.
6. விருந்தாளி பார்ப்பதற்காக விரித்து வைத்திருந்த ஆட்டுத் தோல்களில் பதினாறின் மேல் வலப்பக்கச் சக்கரங்கள் ஏறி இறங்கின.
7. இதில் வண்டியின் தவறு எதுவும் இல்லை.

இது அன்று மத்தியானம் நான் முதலாளியிடம் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதம். படித்தவர்கள் எல்லோரும் ஐந்தாவது வரியில் சிரிக்கிறார்கள். எனக்குப் பெருமை ஏழாவது வரியில்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு வயதில், மெக்கானிக்கல் டிப்ளமோ வாங்கிய சூட்டில், எனக்குத் தெரியாத எஞ்சின் உலகத்தில் இல்லை என்று நம்பினேன். (எனக்குத் தெரிந்த எஞ்சின்கள் மொத்தம் மூன்று. அதில் ஒன்று மாவு மில்லில் இருந்தது.)

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், மெயின்டெனன்ஸ் பிரிவுக்கு என்னை ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் எனக்கு முன் ஒரு பெண்ணும் வேலை பார்த்ததில்லை. முதலாளி நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதாலேயே, ஆறு மாதம் முடிந்ததும் என்னை ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே டைப்ரைட்டர் முன்னால் உட்காரவைத்துவிடத் துடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய தம்பி ஜெர்மனியிலிருந்து கப்பலில் ஒரு காரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தான் மட்டும் திரும்பிப் போனார். இரண்டே கதவு. நீண்ட மூக்கு. இடுப்பு உயரம்கூட இல்லை. கரும்பச்சை நிறம், உள்ளே மரப் பலகையும் தோல் இருக்கையும். வாங்கியபடியே விடாமல், அங்கே ஒரு கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, கேம்ஷாஃப்டை மாற்றி, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்து, பந்தயக் குதிரை மாதிரி ஆக்கியிருந்தார்.

வண்டி வந்த அன்று ஷாப்பே திரண்டு வந்தது. ஒருவர்கூட பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. எல்லோரும் கதவைத் திறந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். தோலைத் தரம் பிரிக்கும் முனுசாமி மேஸ்திரி கிள்ளினார், மடித்தார், குனிந்து முகர்ந்தார்.

“மாட்டுத் தோலு. குரோம் பதம். முதுகு பாகம். ஓரத்துல மட்டும் கொஞ்சம் லூசு பாப்பா. நம்ம கையில வந்திருந்தா செகண்ட்ஸ்ல போட்டிருப்பேன்.”

ஆம்பூரைப் பொறுத்தவரை காரின் பரிசோதனை அதோடு முடிந்தது.

ஆனால் வண்டி ஓடவில்லை. கப்பலில் உப்புக் காற்று குடித்ததோ என்னவோ, முதலாளியின் அம்பாசிடர் டிரைவர் மூன்று முறை ஷாப்பு கேட் வரை ஓட்டினார், மூன்று முறையும் இருமிவிட்டு நின்றது. மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்தது. அப்போது பெரிய வாங்குநர் ஒருவர் ஜெர்மனியிலிருந்து நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. அவர் ஊர் வண்டியிலேயே அவரை அழைத்துவர வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

“ஏம்மா கிரேஸ், இத்த ஓட வைப்பியா?”

“வைப்பேன் சார். ஓட வைச்சா மெயின்டெனன்ஸ்ல பர்மனென்ட் பண்ணுவீங்களா?”

“நீயே காட்பாடி போய், நீயே கூட்டிக்கினு வா. பண்றேன். இல்லாட்டி டைப்ரைட்டரு. பேச்சு மாறக்கூடாது.”

ஒரு வாரம். கார்புரேட்டர்கள் இரண்டையும் கழற்றிக் கழுவினேன். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதைப் பார்க்கக் கருவி இல்லை. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டிலும் ‘ஸ்ஸ்’ ஒரே மாதிரி கேட்கும்வரை திருகினேன். (அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். “நான் நெஞ்சுல வைக்கிறத நீ வண்டியில வைக்கிற” என்றாள்.) நான்காம் நாள் இரண்டும் ஒரே சுருதியில் மூச்சு விட்டன. அந்தச் சத்தத்தை இப்போதும் என்னால் வாயால் செய்து காட்ட முடியும். யாரும் கேட்பதில்லை.

பிறகு சோதனைப் பட்டியல் எழுதினேன். பதினோரு அம்சங்கள். பிரேக், கிளட்ச், சூடு, மேடு, வளைவு, வேகம். மாதனூர் ரோட்டில் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன்.

அந்த வண்டியின் குணத்தைச் சொல்ல வேண்டும். எஞ்சின் சுற்றைக் காட்டும் டயலில் முள் மூவாயிரத்தைத் தொடும்வரை அது மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை. முக்கும், முனகும், அசையாது. மூவாயிரம் தாண்டியதும் சமாதானம் ஆகிவிடும். ஆனதும் முதுகை யாரோ பின்னாலிருந்து இழுத்துச் சீட்டோடு அழுத்துவதுபோல இருக்கும். சத்தம் மாறும், புளிய மரங்கள் பின்னால் ஓடும். ஸ்டியரிங்கில் ஒரு விரல் நினைத்தால் போதும், மூக்கு திரும்பும். தரையோடு உட்கார்ந்திருப்பதால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்குத் தெரியும். எனக்கு அப்படி ஒரு கர்வம் அதற்கு முன் வந்ததில்லை.

அந்த நாளும் வந்தது. காட்பாடியில் இறங்கிய விருந்தாளி ஆறடிக்கு மேல், வெள்ளைத் தொப்பி. வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். இடப்பக்க ஸ்டியரிங் என்பதால் லாரியை முந்தும்போது எனக்கு எதிரே வருவது தெரியாது, வலப்பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அவருக்கு இரண்டு தமிழ்ச் சொல் கற்றுக்கொடுத்தேன்: ‘போ’, ‘பொறு’. பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் மனிதர் தேறிவிட்டார். “போ! போ!” என்று கையை வீசினார். ஏழு லாரி, இரண்டு பஸ். மாதனூரில் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். நான் மனசுக்குள் ‘கிரேஸ், மெயின்டெனன்ஸ்’ என்று கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஆம்பூர் கடைத்தெரு. முன்னால் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய மாட்டு வண்டி. இருபது நிமிடம் நடை வேகம். இப்படிப்பட்ட எஞ்சின் நடந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி கட்டும், கட்டினால் அணையும், அணைந்தால் சுத்தம் செய்யாமல் மறுபடி பிடிக்காது. புத்தகத்தில் படித்திருக்கிறேன். பட்டியலில் எழுதவில்லை.

ஷாப்பு கேட்டுக்கு வந்தபோது எஞ்சின் ஒரு காலில் நொண்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஊழியர்கள் வரிசையாக நிற்கிறார்கள், முதலாளி மாலையோடு நிற்கிறார். தரையில் இரண்டு வரிசையாக ஆட்டுத் தோல்கள், நடுவே எங்களுக்குப் பாதை. இங்கே அணைந்தால் டைப்ரைட்டர். மிதித்தேன்.

முள் மூவாயிரத்தைத் தொட்டது. மாப்பிள்ளை சமாதானம் ஆனார்.

“பொறு! பொறு!” என்று கத்தினார் விருந்தாளி. பொறுக்கவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் இடப்பக்க வரிசையைத் தொடாமல் தப்பித்தேன். வலப்பக்கச் சக்கரம் எங்கே போகிறது என்று பார்க்க எனக்குக் கண் இல்லை.

நின்றதும் இறங்கிப் பார்த்தேன். தோல்கள் கிழியவில்லை, சுருங்கவில்லை. வெறும் ஈர டயர்த் தடம். துடைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேட் வாசலில் துருப்பிடித்த இரும்புத் தகட்டின் மேல் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் நனைந்த சக்கரம். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் துருத் தண்ணீர் பட்டால் கறுப்பாகும், அழியவே அழியாது. இது ஆம்பூரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பழுப்புத் தோலில் டயரின் பூவேலை மெதுவாக, போட்டோ கழுவுவதுபோல, கறுத்துக் கறுத்து வந்தது. பதினாறு தோல். ஒரே நேர்கோடு.

“இன்னா பாப்பா, ஸ்கேல் வெச்சு இழுத்த மாரி கீது” என்றார் மேஸ்திரி.

விருந்தாளி இறங்கி, ஒரு தோலை எடுத்து, தடத்தின் மேல் மடித்து, வெளிச்சத்தில் பார்த்தார். மேல்புறம் வெடிக்கவில்லை, நல்ல தோலுக்கு அதுதான் அடையாளம். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், கார்புரேட்டரைச் சரிசெய்தது யார், எதை வைத்து என்று கேட்டார். ரப்பர் குழாயைக் காட்டினேன். அவர் அதைத் தன் காதில் வைத்துப் பார்த்தார். மாலை இன்னும் முதலாளி கையிலேயே இருந்தது.

வந்த காரியத்துக்கு அவர் கொடுக்க இருந்த ஆர்டரைக் கொடுத்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதலாளி என்னை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரியையும் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். ஐந்தாவதில் மேஸ்திரி சிரித்து, இருமி, வெளியே போய்விட்டார்.

“இவ்ளோ சுத்தமா எழுதுற புள்ள டைப்புக்குத்தாம்மா லாயக்கு” என்றார் முதலாளி.

“சார், எழுதியிருக்கறதுல பொய் இருக்கா?”

மறுபடி படித்தார். ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

“வண்டி மேல பழி போட்டுட்டு நீ தப்பிச்சிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன்.” கடிதத்தை மடித்தார். “உன்னைத் தவிர இந்தச் சனியன யாரு தொடுவா? மெயின்டெனன்ஸே பாரு. ஆனா கேட்டுக்கு உள்ள ஸ்டார்ட் பண்ணே, தொலைஞ்சே.”

கறுப்புக் கோடு விழுந்த தோல்களை யார் வாங்குவார்கள்? பதினாறும் எங்கள் வீட்டுக்கு வந்தன. அப்பாவுக்குச் செருப்பு, எனக்கு சர்டிஃபிகேட் ஃபைல், அம்மாவின் வேதாகமத்துக்கு உறை. எல்லாவற்றிலும் டயர்த் தடம். கோயிலில் போதகர் அந்த உறையைப் பார்த்து, நல்ல டிசைனாக இருக்கிறதே, எங்கே செய்தீர்கள் என்று கேட்டார். “எம் பொண்ணு போட்டது ஐயா, ஒரே மூச்சுல” என்றாள் அம்மா.

வீட்டில் கல்யாணத்துக்கோ கிறிஸ்மஸுக்கோ யார் பட்டியல் போட்டாலும், கடைசியில் ஒருவர் கேட்பார்: “பன்னெண்டாவது எழுதினியா?” அன்று என் பட்டியலில் விட்டுப்போன பன்னிரண்டாவது அம்சம்: நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தல்.

இன்றைய நிலவரம்: மெயின்டெனன்ஸ் பிரிவின் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. வண்டி நன்றாக ஓடுகிறது. மாதம் ஒருமுறை மாதனூர் வரை ஓட்டிவிட்டு வந்து, கேட்டுக்கு வெளியே எஞ்சினை அணைக்கிறேன். நான்கு பேர் உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள்.