தோளைத் தாண்டிய வேண்டுதல்

"அங்கிள், இந்த முடியோட நீங்க லேத்து பக்கமே போவக் கூடாது லா," என்றான் ரயன்.

ரயன் பட்டறைக்குப் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி. பாதுகாப்பு அதிகாரி என்றால் வேலை செய்கிறவனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சிவநேசன் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடமாக இரும்பு கடைகிறார். இந்த மாதிரி ஆறு பேரைப் பார்த்துவிட்டார். ஆறு பேரும் போய்விட்டார்கள். லேத்து அங்கேயேதான் இருக்கிறது.

"கட்டிக்கிட்டுதானே வேல செய்றேன்?"

"கட்டு அவுந்துச்சுன்னா? மிஷின் முடிய இழுத்துச்சுன்னா தலையும் கூடப் போவும். திங்கக்கிழமைக்குள்ள வெட்டிட்டு வாங்க."

சிவநேசனுக்கு அலுப்பாக இருந்தது. அந்த முடிக்கு ஒரு கதை இருந்தது. அதை இந்தப் பையனிடம் சொல்லிப் பயனில்லை.

பதினேழு வயதில் ஒரு கேசட் அட்டையில் வெள்ளைக்கார கிட்டார்காரன் ஒருவனைப் பார்த்தார். முகமே தெரியவில்லை, முடிதான் தெரிந்தது. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் நாலு பேர் முடியைப் பறக்கவிட்டு கிட்டாரைப் போட்டு அடித்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் பினாங்கில் பாதிப் பையன்கள் இறுக்கமான கால்சட்டையில் உட்கார முடியாமல் நின்றே திரிந்தார்கள். மலாய்க்காரன், சீனன், தமிழன் என்ற பேச்சே இல்லை. எந்தக் கட்சியும் இவ்வளவு சீக்கிரம் ஆள் சேர்த்ததில்லை.

சிவநேசனும் சேர்ந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் மாமனார் முடியை வெட்ட வைத்தார். பிறகு வேலை, பிள்ளை, வீட்டுக் கடன். கொரோனாவுக்காக ஊரை அடைத்த எம்.சி.ஓ. காலத்தில் முடிவெட்டும் கடைகளெல்லாம் மூடிக் கிடந்தபோது அது தானாக வளர்ந்தது. கடைகளைத் திறந்தார்கள். இவர் போகவில்லை.

இப்போது ஐம்பத்தொன்பது வயது. தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு பாயான் பாரு மண்டபத்தில் பழைய ராக் பாட்டுக் கச்சேரி. ஸுல்கிஃப்லிதான் ஏற்பாடு. சின்ன வயதுக் கூட்டாளி, நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர். வாழ்க்கையில் சிவநேசன் ஏறப்போகிற முதல் மேடை அது. மேடைக்கு அந்த முடி வேண்டும்.

"வெட்ட முடியாது," என்றார். "வேண்டுதல்."

சொன்ன பிறகுதான் அது பொய் என்று அவருக்கே தெரிந்தது.

ரயனின் முகம் மாறிவிட்டது. "சாமி விஷயமா? முன்னாடியே சொல்லக் கூடாதா அங்கிள்! எங்கம்மாவும் வருசா வருசம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா சர்ச்சுக்கு நேந்துக்குவாங்க." எழுதி நிரப்புகிற பாரம் ஒன்றை எடுத்தான். "எப்ப முடிய எறக்குறீங்க?"

"தைப்பூசம்."

எந்த வருடத்துத் தைப்பூசம் என்று சிவநேசன் சொல்லவில்லை. அவன் இந்த வருடத்தையே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். பாரம் எழுதுகிறவனை எப்போதும் நம்பக் கூடாது.

ரயன் அதை வீட்டில் சொன்னான். அவன் அம்மா ரோசம்மா மறுநாள் பசாரில் மீன் வாங்கும்போது சிவநேசனின் மனைவி குமுதாவிடம் சொன்னாள். சாயங்காலம் சிவநேசன் பெரிப் படகில் கடலைத் தாண்டி, ஏழாவது மாடி வீட்டுக்குள் நுழைந்தபோது, குமுதா முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டுதலாமே? ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல. யாருக்கு? எதுக்கு?"

சிவநேசன் அந்த முட்டியைப் பார்த்தார். மூன்று வருடமாக அது வலிக்கிறது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு டாக்டர், ஒரு சீன வைத்தியர், ஒரு உருவு எண்ணெய்க்காரர், யாராலும் ஆகவில்லை. இது ஆறப்போகிற முட்டி இல்லை. முட்டி ஆறாதவரை வேண்டுதல் பலிக்காது, பலிக்காதவரை முடி இறங்காது. கணக்கு சரியாக இருந்தது.

"உன் முட்டிக்குத்தான். சரியாயிட்டா மொட்ட போடறதா முருகன்கிட்ட சொல்லியிருக்கேன்."

குமுதா எண்ணெய்க் கையோடு எழுந்தாள். நேராகச் சாமி அறைக்குப் போய்விட்டாள்.

அவளும் பெரிய வேண்டுதல்காரிதான். மூன்று வருடமாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறு படி ஏறுகிறாள். எதற்கு என்று கேட்டால் "வெளிய சொன்னா பலிக்காது" என்பாள். சிங்கப்பூரில் இருக்கிற மகள் தனுஜாவுக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்றுதான் இருக்கும். சிவநேசன் மோட்டார் சைக்கிளில் அடிவாரத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குவார்.

மறுநாள் காலையிலேயே விரதம் தொடங்கிவிட்டது.

"தைப்பூசம் வரைக்கும் நாப்பத்தெட்டு நாள். கறி, மீன், முட்ட கெடையாது. பீரு கெடையாது. பாய்லதான் படுக்கணும்," என்றாள் குமுதா.

"முட்டி இன்னும் சரியாவலையே?"

"விரதம் இருந்தாத்தானே சரியாவும்? பாதி வேல செஞ்சா சாமி எப்படிக் குடுக்கும்?"

பகலெல்லாம் பட்டறை, சாயங்காலம் ஸுல்கிஃப்லி கடை மாடியில் கிட்டார். கீழேயிருந்து மீன்தலைக் கறி வாசம் படியேறி வரும். இவர் வயிற்றில் கீரையும் ரசமும். விரல் எப்போதும் கொஞ்சம் தாமதம்தான், இப்போது இன்னும் தாமதமாக வந்து சேர்ந்தது.

"டேய் நேசா, பாட்டு முடிஞ்சு போச்சு. நீ இன்னும் வாசிக்கிற," என்றார் ஸுல்கிஃப்லி.

"பசிக்குதுடா."

"பரவால்ல. ஒன்ன எதுக்குச் சேத்தேன்? அந்த முடிக்குத்தான். நடுவுல தலைய நல்லா ஆட்டு. முடி பறக்கறப்ப எவன் வெரலப் பாக்கறான்? அந்த வெள்ளைக்காரனுங்களும் பாதி அப்படித்தான் ஓட்டியிருப்பானுங்க."

ஐந்தாவது வாரம் லிப்ட் கெட்டுப்போனது. சிவநேசன் நாலாவது மாடியில் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து குமுதா பத்துக் கிலோ அரிசிப் பையோடு அவரைத் தாண்டிப் போனாள்.

"பாத்தீங்களா! வலியே இல்லங்க!"

சிவநேசன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நாள வெச்சுச் சொல்ல முடியாது," என்றார் வீட்டுக்கு வந்ததும். "டாக்டர் பாக்கட்டும்."

"டாக்டருகிட்டயா வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுக் குமுதா பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று தோப்புக்கரணம் போட்டாள். அவரையே எண்ணச் சொன்னாள். ஐம்பத்தொன்று வரை எண்ணியும் அவள் நிற்கவில்லை.

இரண்டு நாள் யோசித்து இன்னொரு வழி கண்டுபிடித்தார். "பூமுடி குடுத்துட்டாப் போதும்னு சொல்றாங்க. மூணு கொத்து, நுனியில."

"ஆம்பளைக்குப் பூமுடியா? முழு முட்டியும் நல்லா ஆயிருக்கு, மூணு கொத்துதான் குடுப்பீங்களோ? சாமிகிட்ட டிஸ்கவுண்டா கேக்கறீங்க?"

கடைசியில் ஸுல்கிஃப்லியிடம் உண்மையைச் சொன்னார். "பேசாம டோப்பா வெச்சிக்கிட்டா?"

"தலைய ஆட்டுனா மொத வரிசையில இருக்கறவன் மடியில போய் விழும் லா." ஸுல்கிஃப்லி அவர் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். "மொட்டன்னா வெரலப் பாப்பானுங்களேடா. நீ டிக்கெட் கிழிக்கறியா?"

தைப்பூசத்தன்று விடியற்காலையில் தண்ணீர்மலை அடிவாரம் நிரம்பி வழிந்தது. தண்ணீர்ப் பந்தல்களும் மேளங்களும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. குமுதா மஞ்சள் புடவையில் வந்தாள். கையில் ஒரு துண்டு மட்டும் இருந்தது.

"பால்குடம் எங்க?"

"இந்த வருசம் எடுக்கல."

"ஏன்?"

"போதும்," என்றாள்.

மொட்டை போடும் கொட்டகையில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. குமுதா இரண்டு ஆளைத் தாண்டி, பழனியப்பன் என்ற முடிவெட்டுகிறவரிடம் அவரை உட்கார வைத்துவிட்டு, தலைக்குச் சந்தனம் வாங்கப் போனாள்.

சிவநேசன் கடைசியாக ஒரு வழி யோசித்தார். எழுந்து ஓடலாம். ஆனால் வெறுங்கால், நாற்பத்தெட்டு நாள் பட்டினி, சுற்றிலும் கூட்டம். எங்கே ஓடுவது? குனிந்தார். தண்ணீர் சில்லென்று பட்டது. கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. கேசட் அட்டையில் பார்த்த முடி கொத்துக் கொத்தாகச் சேற்றில் விழுந்தது. நடுவில் நரை இவ்வளவு இருந்தது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

அழுகை வரும்போல இருந்தது. அதற்கும் அலுப்பாக இருந்தது.

"வருத்தப்படாதீங்க அண்ணே," என்றார் பழனியப்பன். "நல்ல காரியத்துக்குத்தானே போவுது."

"ஆமா," என்றார் சிவநேசன். அப்போது மனசில் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. பொய்யாகச் சொன்னாலும் பலன் உண்மை. மேடை போனால் போகட்டும், ஒரு பொம்பளை வலியில்லாமல் நடக்கிறாள். "பொண்டாட்டி முட்டிக்காக வேண்டிக்கிட்டது. மூணு வருசமா வலி. சரியாயிருச்சு."

கத்தி நின்றுவிட்டது. பழனியப்பன் அவர் தலையைத் திருப்பி முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"அக்காவுக்கு முட்டி கெட்டதே இந்தத் தலையாலதானே அண்ணே! இந்த முடி எறங்கணும்னு மூணு வருசமா பால்குடம் தூக்கிட்டு மலையேறுனாங்க, ஒவ்வொரு வருசமும் எறங்கி வர்றப்ப எங்கிட்ட வந்து, கத்தியத் தீட்டி வைங்க, அடுத்த வருசம் ஆளு வந்துருவாருன்னு சொல்லிட்டுப் போவாங்களே!"