இருபத்தாறு அட்டையும் கன்னியம்மாவும்

இனிமேல் கன்னியம்மாவிடம் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட் மூடியிருந்தபோது எடுத்த முடிவு. கேட் திறந்த பிறகும் முடிவு அப்படியே இருந்தது. எனக்கே ஆச்சரியம். வழக்கமாக என் முடிவுகள் ஒரு கூட்ஸ் வண்டி போகும்வரைகூடத் தாங்காது.

கன்னியம்மா என் மனைவி. நான் அரசப்பன். குழாய்க் கம்பெனியில் கம்ப்யூட்டர் ரூமில் வேலை. எழுபத்து நாலில் கம்ப்யூட்டர் என்றால் யாருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் என்னை ஐஸ் பாக்டரி ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷினுக்காகப் போட்ட ஏ.ஸி. குளிருக்குப் பயந்து, மே மாதத்திலும் கையில் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போகிறவனை வேறு என்ன நினைப்பார்கள்?

எங்கள் முதலாளி பம்பாயில் யாரோ கழித்துக் கட்டியதை வாங்கிவந்த மெஷின் அது. நாலு பீரோ அகலம். எண்ணூறு பேருக்கு வாரா வாரம் ஷிப்ட் பட்டியல் அடித்துத் தரும். ஆனால் தினமும் காலையில் அதற்கு எல்லாம் மறந்துபோய்விடும். தான் யார், எதற்காக இங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. இருபத்தாறு அட்டைகள் கொண்ட ஒரு கட்டு இருக்கிறது. பொத்தல் பொத்தலாகப் போட்ட அட்டைகள். அதை வரிசையாக உள்ளே விட்டால்தான் மெஷினுக்கு நினைவு வரும். 'எழுப்பற கட்டு' என்போம். அது இல்லையென்றால் நாலு பீரோ, அவ்வளவுதான். துணிகூட வைக்க முடியாது.

அந்தக் கட்டு சீனியர் ஆபரேட்டர் கோபாலின் பொறுப்பு. தினமும் அவன் கை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறி, மூலை மழுங்கி, பார்க்கவே கண்றாவியாக இருக்கும். என் வேலை அலமாரியை அடுக்குவது. வெள்ளிக்கிழமை மாலை மெஷினை நிறுத்திவிட்டு, திங்கள் வருகிறேன் என்று கோபால் லீவில் போனான். நான் அலமாரியைச் சுத்தம் செய்தேன். புது அட்டைகளையெல்லாம் பத்திரமாக உள்ளே வைத்தேன். அழுக்குக் கட்டு ஒன்று மேஜைமேல் கிடந்தது. கழிவு என்று வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

இதில் தப்பில்லை. கழிவு அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் செக்‌ஷன் வழக்கம். நல்ல கனமான அட்டை. அன்றைக்குக் காலையில் எனக்கும் கன்னியம்மாவுக்கும் ஒரு சண்டை. ஞாயிற்றுக்கிழமை திருப்பாச்சூர் கோயிலில் அவள் தம்பி ராஜமாணிக்கத்தின் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்து. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். நான் தூங்கவேண்டும். அதனால், "நான் இல்லன்னா மெஷின் ஓடாதும்மே, ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்லிட்டாங்கோ" என்று ஒரு பொய் சொல்லியிருந்தேன். சாயங்காலம் சமாதானத்துக்காகத்தான் அட்டைக் கட்டைக் கொடுத்தேன். மற்றவர்கள் மல்லிகைப்பூ வாங்கிப் போவார்கள். வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை மெஷின் எழவில்லை.

மேனேஜர் ராமானுஜம் ஸார் வந்து பார்த்தார். டிராயர்களைக் கவிழ்த்தார். "கோபால் எங்கயோ வெச்சுப் பூட்டிண்டு போயிருக்கான். திங்கக்கிழமை எட்டு மணிக்கு அவன் வந்ததும் கட்டு என் கைக்கு வரணும். வரலேன்னா, தொலைச்சவன் யாரா இருந்தாலும் எட்டேகாலுக்கு கேட்டுக்கு வெளியே நிப்பான்" என்றார். நானும் எல்லாரோடும் சேர்ந்து தேடினேன். எங்கே இருக்கிறதென்று தெரிந்த பொருளைத் தெரியாத இடத்தில் தேடுவது எவ்வளவு அலுப்பான வேலை என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். மதியம் வரை தேடினேன். நான் இல்லாவிட்டால் மெஷின் ஓடாது என்று சொன்னேன் அல்லவா? நான் இருந்ததால்தான் ஓடவில்லை. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? அதனால்தான் ரயில்வே கேட்டில் அந்த முடிவு.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"கன்னிம்மா, நேத்து ஒரு அட்டைக் கட்டு குடுத்தேனே, எங்க?"

"அதுவா? குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"கேட்டவங்களுக்கு."

"எல்லாத்தையுமா?"

"நீதான கழிவுன்னு சொன்ன? கழிவ வெச்சுக்கினு நான் இன்னா பண்றது, மால கட்டிப் போட்டுக்கறதா?"

"கழிவுதான். இல்லேங்கல. ஆனா கம்பெனில கழிவ எண்ணி எடுக்கறாங்கோ."

"கழிவ எண்றாங்களா?"

"புது ரூலு."

"உங்க கம்பெனில வேல செய்றவங்களவே எண்ண மாட்டாங்கோ, கழிவ எண்றாங்களா! சரி, போய் கேளு. ரோசம்மாகிட்ட கொஞ்சம், குப்பம்மாகிட்ட கொஞ்சம், சைக்கிள் கடை குப்புராஜுகிட்ட கொஞ்சம். சோறு துன்னுட்டுப் போ."

சோறா இறங்கும்?

ரோசம்மாள் அடுத்த வீடு. அட்டைகளை வெட்டாமல் அடுக்கி முறுக்கு டின்னுக்கு மூடியாக வைத்திருந்தாள்.

"தரேண்ணே, இன்னா அவசரம்? அந்த ஆட்டுக்கல்ல மட்டும் கொல்லையிலேர்ந்து இங்க நவுத்திக் குடுத்துடு. கன்னிம்மா சொல்லிச்சு, இன்னிக்கு சொன்னா நீ ஒடனே செய்வேன்னு."

"நானா?"

"ஆறு மாசமா சொல்லிக்கினு கீறேன், நீ காதுலயே வாங்கல. இன்னிக்கு நீயே வந்து நிக்கற பாரு."

ஆட்டுக்கல் நகர்ந்தது. என் இடுப்பும் கொஞ்சம் நகர்ந்தது. ஆறு அட்டைகள் கிடைத்தன.

குப்பம்மாள் தெருக்கோடியில் இட்லி சுடுகிறவள். வயதானவள், என்னை நைனா என்பாள். எட்டு அட்டைகளை விசிறியாகக் கட்டி அடுப்பு வீசிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, கோடாலி சுவரில் சாய்ந்து தயாராக நின்றதைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு வண்டி புளியங்கட்டை.

"அட்டதானே நைனா? எட்த்துக்கோ. அடுப்பு வீச அட்ட இல்லாங்காட்டி நல்லா காஞ்ச வெறகாச்சும் வோணும் இல்ல?"

பிளந்தேன். புளியங்கட்டை எப்படிப்பட்டது என்றால், நாம்தான் பிளந்துபோவோம். நாலு மணிக்கு எட்டு அட்டைகள் கையில் இருந்தன. கையில் தோல் இல்லை.

குப்புராஜ் சைக்கிள் கடைக்காரர். பதினொரு அட்டைகள் அவரிடம். ஸ்டூல் காலுக்கு அடியில் மொத்தமாகச் செருகியிருந்தார். ஸ்டூல்மேல் அவர்.

"எந்திரிங்கண்ணே."

"எந்திரிக்கறேன். ஏணி அங்க கீது. தகரம் ரெண்டு காத்துல தூக்கிக்கினு நிக்குது, ரெண்டு ஆணி அட்ச்சுட்டு எறங்கு. நான் எந்திரிக்கறதுக்கும் நீ எறங்கறதுக்கும் சரியா இருக்கும்."

இரண்டு ஆணி என்றார். பதினாலு அடித்தேன். கீழே இருந்தபடியே ஒவ்வொன்றையும் கோணல் என்றார்.

பொழுது சாய வீட்டுக்கு வந்து, தரையில் பரப்பி எண்ணினேன். இருபத்தைந்து. மறுபடி எண்ணினேன். அலுப்பில் ஒரு தடவை இருபத்தேழு வந்தது, சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. சரியாக எண்ணினால் இருபத்தைந்துதான். அது போதாதென்று வரிசை வேறு தெரியாது. அட்டையில் இருப்பது பொத்தல். எது முதல் பொத்தல், எது கடைசிப் பொத்தல்? வரிசை மாறினால் மெஷின் எழாது, எழுந்தாலும் புத்தி பேதலித்து எழும் என்று கோபால் சொல்லியிருக்கிறான். அங்கேயே அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. என் முடிவும் அதோடு போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்பது வரை சொன்னேன்.

கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். ஒரு அட்டையை எடுத்து, படிக்காமல், பக்கவாட்டில் பார்த்தாள்.

"இன்னாயா இது, மேல் விளிம்புல செவப்பா ஒரு புள்ளி?"

"அது அச்சுல ஏதோ தப்பு."

"எல்லா அட்டையிலயும் கீது. ஒண்ணுல இந்த மூலையில கீது, ஒண்ணுல நடுவுல கீது. கட்டா வெச்சுக்கினு குறுக்கால ஒரு கோடு கிழிச்சிருக்கான்யா, கலஞ்சா சேக்கறதுக்கு. சாஞ்சு போற கோடு. கோடு நேரா ஏர்ற மாதிரி அடுக்கினா வரிசை வந்துடப் போவுது."

ஐந்து நிமிடத்தில் அடுக்கிவிட்டாள். கட்டின் தலையில் சிவப்புக் கோடு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அழகாக ஏறியது. ஆறு வருஷமாக அந்த ரூமில் சம்பளம் வாங்குகிறேன். அந்தக் கோட்டை நான் பார்த்ததே இல்லை. கோட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி.

"பதினேழாவது இல்ல" என்றாள்.

"ஐயோ, அது யார்கிட்ட கன்னிம்மா?"

அவள் நெற்றியில் விரல் வைத்து யோசித்தாள். "அடக் கடவுளே. அதுல நாலு வரி எழுதி, திருப்பாச்சூர் போறவங்ககிட்ட குடுத்து ராஜமாணிக்கத்துக்கு அனுப்பிட்டேன்யா. நீ வரலியே, கோச்சுக்காதடான்னு."

 ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறினோம். அவள் பட்டுப் புடவையில் இருந்தாள். எல்லாம் வெள்ளிக்கிழமையே மடித்துத் தயாராக இருந்தது போல ஒரு நறுவிசு. மடியில் அவள் கொடுத்த சீர்த்தட்டோடு திருவள்ளூர் வரை நின்றுகொண்டு போனேன் என்று எழுதக் கை வருகிறது. நின்றுகொண்டு போனால் மடி ஏது? தலையில் வைத்துக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை ஏழரை மணிக்குக் கட்டு டிராயரில் இருந்தது, மெஷின் சமர்த்தாக எழுந்துகொண்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு சேர்ந்து நீங்களும் கவலைப்பட வேண்டாம். நான் சொல்ல வந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது.

பிள்ளைக்கு மொட்டையடித்தாகிவிட்டது. காது குத்தியாகிவிட்டது. முதல் பந்தி உட்கார்ந்தது. நான் ராஜமாணிக்கத்தைத் தனியாக இழுத்துப் போனேன்.

"மச்சான், உங்க அக்கா ஒரு அட்ட அனுப்பிச்சாளே, அத்தக் குடு."

"அட்டயா? எனக்கு ஒண்ணும் வரலியே மாமா."

"நாங்க வரலன்னு எழுதினதுப்பா!"

"வரலன்னா? நீங்க ரெண்டு பேரும் வரீங்கன்னு அக்கா நேத்து மதியமே பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பிச்சே."

 கன்னியம்மா வந்தாள். கைப்பையைத் திறந்து, பதினேழாவது அட்டையை எடுத்து நீட்டினாள். ஒரு எழுத்தும் எழுதியிருக்கவில்லை. மடிப்புகூட இல்லை.

"நேத்து பதினொரு மணிக்கு உங்க ஆபீஸ் பியூன் ஊட்டுக்கு வந்தான்யா. செக்‌ஷன்ல எல்லார் ஊட்லயும் கேட்டுக்கினு வரானாம், யாராச்சும் அழுக்குக் கட்டு ஒண்ணு எட்த்தாந்தீங்களான்னு. எங்க ஊட்டுக்காரர் ஆபீஸ் சாமான் ஒரு குண்டூசிகூடத் தொட மாட்டார்னு சொல்லி அனுப்பிட்டேன். உன் வேல போவ உட்ருவனா நான்?"

என் கண் கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது. அப்புறம்தான் ஏதோ உறுத்தியது.

"இரு இரு. பதினொரு மணிக்கு அந்தக் கட்டு எங்க இருந்துச்சு?"

"எங்க இருக்கும்? நீ குடுத்த எடத்துலயே, அரிசி டின்னு மேல, கட்டு பிரிக்காத."

"அப்ப ரோசம்மா? குப்பம்மா? குப்புராஜு?"

"பியூன் போன பின்னாடிதான் குடுத்தேன். அவங்க மூணு பேருக்கும் நீ செஞ்சு தரேன்னு சொன்ன வேல எத்தினி மாசமா நிக்குது? தெருவுல எனக்குத் தல காட்ட முடியல." பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "சரி சரி, அப்புறம் பேசலாம். ரெண்டாவது பந்திக்கு எல போட்டாச்சு."

அட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, சாம்பார் வாளியைத் தூக்கினேன்.