துரைசானிக்கு நான் சொன்ன ஜெர்மன் வார்த்தை

அரைகுறையாகத் தெரிந்த மொழியில் யாரையும் திட்டலாம், பாராட்டத்தான் கூடாது. பத்தொன்பது வயதில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாக, அதாவது இளைய குமாஸ்தாவாக, இருந்தபோது இதைக் கற்றேன்.

அது மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்த அவசரகாலம். ராணுவக் காவலோடு வரும் லாரிகளில்தான் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே வர முடியும். அப்படி ஒரு ஜெர்மன்காரர் ஃபாக்டரி இயந்திரங்களைப் பழுதுபார்க்க வந்தார். இரும்பைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். கணீரென்று ஒலித்தால் "ஹெல்" என்பார். மந்தமாக ஒலித்தால் "டும்ஃப்". பக்கத்தில் நின்று குறிப்பெழுதியவன் நான். இரண்டே வாரத்தில், ஒலியைப் பற்றி மட்டும் ஏழு ஜெர்மன் வார்த்தைகள் தெரிந்துவிட்டன. (நடையே மாறிப்போச்சு, போங்க.)

உதிரிபாகம் வாங்க அவர் மலையிறங்கிய மறுநாள், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் கிராணிமாருக்குத் தேநீர் விருந்து. துரைசானி பியானோ வாசித்துப் பாடினார். வெண்கல மணிக் குரல். கைதட்டல் அடங்கியதும் நான் எழுந்து, "மேடம், உங்கள் குரல் ஹெல்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். போதாதென்று "வெரி ஹெல்" என்றும் சேர்த்தேன்.

ஆங்கிலத்தில் அது நரகம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிடம் நான் ஜெர்மனியில் இருந்தேன்.

துரையின் முகம் சிவந்தது. பெரிய கிராணி என்னை வெளியே இழுத்துப் போனார்.

"வேல போனா லயத்து வீடும் போகும்லா. அம்மாவ எங்க கூட்டிட்டுப் போவ?"

அது ஜெர்மன் என்று நான் எவ்வளவு சொல்லியும் துரை நம்பவில்லை. ஜெர்மன்காரர் திரும்பி வரட்டும், கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்றுவிட்டார். லாரி வர நான்கு நாள் ஆனது. பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிக்கொண்டது. அம்மா பாத்திரங்களைக் கட்டியே வைத்துவிட்டார்.

ஜெர்மன்காரர் வந்து, விஷயத்தைக் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். அவர் விளக்கியதும் துரைசானி அவரைவிட அதிகம் சிரித்தார். என் வேலை தப்பியது. நன்றி சொல்ல வாய் திறந்தேன். கரகரவென்று காற்றுதான் வந்தது.

"இந்தக் குரலுக்கு என்ன வார்த்தை?" என்றார் துரைசானி.

"ஹைசர்" என்றார் ஜெர்மன்காரர். தொண்டை கட்டியது என்று பொருள்.

வாசலில் நின்ற தோட்டக்காரருக்கு அது 'கைசர்' என்று கேட்டது. ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் பட்டத்தையே எனக்குக் கொடுத்துவிட்டதாக லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. (மறுக்கக் குரல் எங்க இருந்துச்சு?)

இன்று பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் என் சம்பந்தி வீட்டார்கூட 'கைசர் ஐயா' என்றுதான் மரியாதையாக அழைக்கிறார்கள். உண்மை தெரிந்தவள் என் மனைவி மட்டும்தான். சபையில் நான் பேச எழுந்தால் போதும், "சக்கரவர்த்தி பேசப் போறாரு, வெந்நி கொண்டாங்க" என்பாள்.