காற்புள்ளிக்குக் கூச்சம் அதிகம்

மணி இரண்டாவது முறை அடித்தபோது ஒற்று சார் இடுப்புவரை கட்டிலுக்கு அடியில் இருந்தார்.

"வாயேன் கண்ணு. ஒருத்தங்கதான் வந்திருக்காங்க. துக்கம் விசாரிச்சுட்டுப் போயிருவாங்க," என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

சுவரோரம் இருந்த துணிக்கூடைக்குள் இரண்டு கண்கள் மட்டும் பளபளத்தன. பூனை அசையவில்லை.

வந்தவள் கொழுந்தியாள். கதவு திறந்ததும் அவர் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையைப் பார்த்தாள். உடனே அழத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா இருந்தா உங்களை இப்படி விட்டிருப்பாளா அத்தான்?"

"இல்லம்மா, பூனை…"

"பூனையை விடுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

பூனையை விடத்தான் அவரால் முடியவில்லை.

அதன் வால் நுனி எப்போதும் சுருண்டே இருக்கும். அதனால் மனைவி அதற்குக் காற்புள்ளி என்று பெயர் வைத்திருந்தாள். "உங்க தொழிலுக்கும் ஒரு மரியாதையா இருக்கட்டும்," என்றாள். அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்பதால் அங்கே எல்லாருக்கும் அவர் ஒற்று சார். முப்பது வருஷம் எழுத்தை மட்டும் பார்த்துப் பார்த்து, எழுத்து என்ன சொல்கிறது என்று கவனிக்கும் வழக்கம் அவரிடமிருந்து போய்விட்டது. 'நாளை அச்சகத்துக்கு விடுமுறை' என்ற அறிவிப்பில் விடுபட்ட ஒற்றைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் சாப்பாட்டுப் பையோடு வந்து பூட்டிய கதவின்முன் நின்றவர் அவர்.

மனைவி வீட்டிலேயே தையல் தைத்தாள். வீட்டுக் காரியம் முழுவதும் அவள் பொறுப்பு. ரகசியம் எதையும் அவரிடம் சொல்லமாட்டாள். "உங்ககிட்ட சொன்னா அச்சுல ஏத்தின மாதிரிதான்," என்பாள். அது உண்மை. பொய் அவர் முகத்தில் ஒரு நிமிஷம் தங்காது. மணி அடித்தால், "இருங்க, நானே திறக்கிறேன்," என்று அவள்தான் எழுந்து போவாள். திறப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். விருந்தாளி உட்காரும்போது பூனை எங்கும் இருக்காது. ஏன் என்று அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"அதுக்குக் கூச்சம் அதிகம்," என்றாள்.

மாடிப்படியில் வீட்டுக்காரர் இருமும் சத்தம் கேட்டாலே போதும், மணி அடிப்பதற்கு முன்பே காற்புள்ளி மாயமாகிவிடும். வீட்டுக்காரர் கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை இருமிக்கொண்டே வருகிறவர். மணியை அடித்துவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நிற்பார். குடிவந்த அன்று அவர் நீட்டிய ஒப்பந்தத்தில் பதினோரு பிழைகளை ஒற்று சார் சிவப்பு மையால் திருத்தி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த முறைப்பு பத்து வருஷமாகியும் தீரவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டு வாரத்துக்குமுன் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கடைசியாகப் பேசியபோது மூச்சு வாங்கி வாங்கி, "யாராவது வந்தா… பூனையை…" என்றாள். அதற்குள் நர்ஸ் வந்து மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிட்டாள். அதற்கப்புறம் பேச்சில்லை.

ஒரு நூலில் சொல் விடுபட்டிருந்தால் அவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதியவரைக் கேட்பார். தாமாக எதையும் சேர்த்ததில்லை. இந்தமுறை கேட்பதற்கு ஆள் இல்லை. எனவே முதல்முறையாகத் தாமே நிரப்பிக்கொண்டார்: யாராவது வந்தா, பூனையைப் பயப்படாமப் பாத்துக்கங்க.

ஆனால் வருகிறவர்களுக்குக் குறைவில்லை. துக்கம் விசாரிக்க ஆள் வந்த நாளெல்லாம் காற்புள்ளி கூடைக்குள்ளேயே கிடந்தது. அவர்கள் போய் வெகுநேரம் ஆனபிறகும், யாரோ வந்து கூப்பிடுவார்கள் என்பதுபோல உள்ளேயே காத்திருந்தது. வைத்த சோறு காய்ந்தது. விலா எலும்பு தெரிந்தது.

கால்நடை டாக்டரம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்லை," என்றாள். "ஆனா பூனை இப்படிப் பட்டினி கிடக்கக் கூடாது. ஈரல் கெட்டுப்போயிரும். அப்புறம் என்னால காப்பாத்த முடியாது."

"நான் என்னம்மா பண்றது?"

"ஆள் வந்தா பயப்படாம இருக்கப் பழக்குங்க. முதல்ல அந்த மணிச் சத்தத்தை நிறுத்துங்க."

அன்றே ஓர் அட்டையில் எழுதினார்: 'மணி அடிக்க வேண்டாம். உள்ளே பூனை இருக்கிறது. ஆள் வந்தால் பயப்படும்.' யார் பயப்படுவது என்பது தெளிவாக இல்லை என்று தோன்றவே, வேறு அட்டை எடுத்து அதையே மறுபடி எழுதி, 'பூனை' என்பதை மட்டும் சிவப்பில், ஒரு விரல் உயரத்துக்குத் தீட்டிக் கதவில் ஒட்டினார். படியேறுகிற எவர் கண்ணிலும் அதுதான் முதலில் படும்.

மணிச் சத்தம் நின்றது. அதற்குப் பதில் ஆளுக்கொரு விதமாகத் தட்டினார்கள். அச்சகத்து ஃபோர்மேன் முஷ்டியால் குத்தி, "ஒற்று சார்! உள்ள இருக்கீங்களா, இல்லையா?" என்று கட்டடம் அதிரக் கத்தினார். எதிர்வீட்டு அம்மாள் அட்டையைப் படித்துவிட்டு வேடிக்கை பார்க்கவே வந்தாள்.

"பூனையா? பத்து வருஷமா எதிர்ல இருக்கேன். ஒரு மியாவ்கூடக் கேட்டதில்லையே!"

"அதுக்குக் கூச்சம் அதிகம்."

மூன்றாவது மாடிக்காரர் அட்டையின்முன் வெகுநேரம் நின்றார்.

"எங்க வீட்டுலயும் ஒரு நாய் இருந்துச்சு சார்," என்றார்.

"அப்படியா? அதுக்கும் கூச்சமா?"

"அதுக்குக் கூச்சமே இல்லை. அதுதான் வினையாப் போச்சு." பெருமூச்சு விட்டுவிட்டுப் படியேறினார். நாய் செத்துப்போய்விட்டது என்று ஒற்று சார் புரிந்துகொண்டு, அவர் முதுகைப் பார்த்து அனுதாபமாகத் தலையசைத்தார்.

பூனையோ முன்னைவிட அதிகமாக ஒளிந்தது. மறுபடியும் டாக்டரம்மா.

"மணியை நிறுத்தினா தட்டுறாங்களா? சரி, வேற வழி பாப்போம். மணி அடிச்சா நல்லது நடக்கும்னு அதுக்குத் தோணணும். மணி அடிங்க, ஒரு மீன் துண்டு குடுங்க. அடிங்க, குடுங்க."

"மணியை யாரு அடிக்கிறது?"

"வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"இல்லை."

டாக்டரம்மா பூனையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அப்ப நீங்களே அடிங்க," என்று மெதுவாகச் சொன்னாள்.

அச்சகம் விட்டு வந்ததும் இதுவே வேலையாயிற்று. வெளியே வந்து கதவைச் சாத்துவார். மணியை அடிப்பார். சாவி போட்டுத் திறந்து, செருப்போடு ஓடிக் கூடையின் அருகில் மீனை வைப்பார். மறுபடியும் வெளியே போவார். நான்காவது நாள் எதிர்வீட்டு அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றாள்.

"யாரைக் கூப்பிடுறீங்க சார்?"

"யாரையும் இல்லம்மா. நானே உள்ள போய்த் திறந்துக்குவேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்கடுத்த முறை மணியை அடித்தபின் அவர் சாவியை எடுக்கவில்லை. காரணம் அவருக்கே தெரியாது. முன்பெல்லாம் தையல் இயந்திரம் நிற்கும், நாற்காலி நகரும், பிறகு காலடி கேட்கும். காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே எதுவும் நகரவில்லை. பிறகு சாவியைத் தேடி எடுத்தார்.

"அவ துணி ஏதாவது இருக்கா?" என்று கொழுந்தியாள் போனில் கேட்டாள். அவளுக்கும் யாரோ ஒரு வழி சொல்லியிருந்தார்கள். "அந்த வாசனை இருந்தா பூனைக்குத் தைரியம் வருமாம்."

பீரோவைத் திறக்க அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. மனைவியின் சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்துக் கூடத்து நாற்காலியில் விரித்தார். பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. ஊருக்கெல்லாம் பொத்தான் தைத்தவள்.

அன்று சாயங்காலம் மணியை அடித்துவிட்டுத் திறந்தபோது, காற்புள்ளி ஸ்வெட்டரின்மேல் உட்கார்ந்து மீனுக்காக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் அதற்குள் எதிர்வீட்டிலிருந்து கிளம்பிய செய்தி அச்சகம்வரை போய்ச் சேர்ந்திருந்தது. செத்துப்போன மனைவியைத் தினமும் மணி அடித்துக் கூப்பிடுகிறாராம். ஆறு பேர் ஒன்றாகத் திரண்டு வந்தார்கள். ஃபோர்மேன் இந்தமுறை நோயாளி வீட்டுக்கு வந்தவர்போல விரல் நுனியால் மணியைத் தொட்டார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார்," என்றார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து. "எங்க சித்தப்பாவும் இப்படித்தான் இருந்தாரு. அப்புறம் சரியாயிட்டாரு."

"சரியாயிட்டாரா?" என்று கூட வந்தவர் கேட்டார். "அவரு போன வருஷம் தவறிட்டாருன்னு சொன்னீங்க?"

"அது வேற வியாதி. நீ சும்மா இரு."

அப்போது காற்புள்ளி எழுந்தது. சோம்பல் முறித்தது. ஆறு ஜோடிக் கால்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு நடந்து, ஃபோர்மேன் மடியில் ஏறிப் படுத்தது. மையேறிய விரல்களால் அவர் அதன் கழுத்தைச் சொறிந்தார்.

ஒற்று சார் அழுதுவிட்டார். ஏழு வாரத்தில் அதுதான் முதல்முறை. மனைவியை நினைத்து அழுகிறார் என்று ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது தவறும் இல்லை.

அவர்கள் போனபிறகு ஸ்வெட்டரை மடித்து வைத்தபடி, "நீ சொன்னதைச் செஞ்சுட்டேன்," என்று அதனிடமே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, படியில் இருமல் கேட்டது.

காற்புள்ளியின் காது விறைத்தது. படுக்கையறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. "பயப்படாதே கண்ணு, நான் இருக்கேன்ல," என்று மீன் துண்டை நீட்டினார். அது கூடை இருந்த திசையைப் பார்த்தது, மீனைப் பார்த்தது, திரும்பி வந்துவிட்டது. மணி அடித்தது. முன்பு கூடைக்கு ஓடிய பூனை இப்போது வாலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிற்று. அவர் கதவை அகலத் திறந்தார்.

வீட்டுக்காரர் வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார்.

"நான் இன்னும் முப்பது எண்ணி முடிக்கலை, அதுக்குள்ள திறந்துட்டீங்க?" என்று திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பூனை அவர் காலைச் சுற்றி உரசியது. அவர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். பூனை மியாவ் என்றது. வேறு வழியில்லாமல் கீழே பார்த்தார்.

"இது என்ன சார்?"

"காற்புள்ளி," என்றார் ஒற்று சார் பெருமையோடு. "ஏழு வாரமாப் பாடுபட்டுப் பழக்கினேன். இனிமே யாரு வந்தாலும் ஒளியவே ஒளியாது!"

வீட்டுக்காரர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். பைக்குள்ளிருந்து பழுப்பேறிய காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும்னு வந்தேன். ஏழாவதைப் படிங்க."

ஒற்று சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டார்.

"சரியா இருக்கு. ஒற்றெல்லாம் விழுந்திருக்கு."

"நீங்க போட்ட ஒற்றுதான் சார் அது. என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அவர் மறுபடியும் படித்தார். இந்தமுறை மெதுவாக, வாய்விட்டு. "வீட்டில்… வளர்ப்புப் பிராணிகளை… வைத்துக்கொள்ளக் கூடாது." ஒரே வரியில் ஒரு ப், இரண்டு க். மூன்றும் பத்து வருஷத்துக்குமுன் அவர் கையால் சிவப்பு மையில் செருகியவை.

பேனா கையிலேயே நின்றது. கட்டிலுக்கு அடியில் இருந்த கூடை நினைவுக்கு வந்தது. அதற்குள் விரித்திருந்த சின்ன மெத்தை, துண்டுத்துணியில், நான்கு ஓரமும் மடித்துத் தைத்தது. ஏழு வாரமாக டார்ச் அடித்துப் பார்த்த மெத்தை.

"அனுப்பிரணுமா?" என்றார். "எனக்கு வேற… வீட்டுல வேற யாரும் இல்லை."

"மூணாவது மாடி நாயை நான்தான் அனுப்ப வச்சேன். அது வந்து என் மேலயே தாவுச்சு. கண்ணால பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? உங்களுக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா?"

ஒற்று சார் குனிந்து பூனையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். எடை கொஞ்சம் கூடியிருந்தது.

வீட்டுக்காரர் எழுந்தார். கதவைத் திறந்து, அதில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"நான் கீழ போய், முதல் படியிலேருந்து இருமிக்கிட்டே வர்றேன்," என்றார். "யாராவது வந்தா பூனையை ஒளிச்சு வைக்கணும் சார். உங்க வீட்டம்மா இதைக்கூடவா உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலை?"