மின்சார மாறன் புகைந்த கதை

ஒருவரைப் பற்றி முடிவெடுக்க ஐந்து நிமிடம் போதும் என்பார்கள். என் விஷயத்தில் அவ்வளவுகூட ஆகவில்லை. நாலாவது நிமிடமே என் இடுப்பிலிருந்து புகை வந்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மின்சார மாறன் என்று ஒரு காமிக்ஸ் நாயகனை வரைந்து வைத்திருந்தேன். மின்சாரமே கண்டுபிடிக்கப்படாத வேறொரு காலக்கோட்டுச் சென்னையிலிருந்து வருபவன். விரலை நீட்டினால் மின்னல் பாயும். (அந்தச் சென்னையில், தி.நகரில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். "கற்பனைக்கும் ஒரு அளவு வேணாமாடா?" என்றாள் அக்கா.) ராயப்பேட்டையில் ஒரு பதிப்பகம் நேரில் வரச் சொல்லியிருந்தது. மற்ற பதிப்பகங்களைப் போல அங்கேயும் கைவிரித்துவிட்டால், திங்கட்கிழமை முதல் பெரியப்பாவின் புடவைக் கடையில் உட்கார வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

பயத்தில் புத்தி கோணலாக வேலை செய்தது. மாறனாகவே போய் நின்றால் என்ன? அக்கா நீலச் சட்டை தைத்துக் கொடுத்தாள். சீரியல் பல்பையும் பேட்டரியையும் நானே பெல்ட்டில் கட்டிக்கொண்டேன். அணைத்தால் மறுபடி எரியாதோ என்று பயந்து, எரியவிட்டபடியே மயிலாப்பூரில் ஆட்டோ ஏறினேன். இடுப்பு சுட்டது. பதற்றம்தான் என்று நினைத்தேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா நைனா, மாறுவேஷப் போட்டியா?"

"இன்டர்வியூ."

அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

பதிப்பாசிரியர் சிரித்தே பழக்கமில்லாத முகம் கொண்ட ஒரு அம்மாள். "சொல்லுங்க தம்பி" என்றார். ஓவியங்களைப் பரப்பினேன்.

"மேடம், இவன் உடம்பு முழுக்கக் கரண்ட்டு. எதுக்குமே பயப்பட மாட்டான்."

"புகையும் வருமா?"

குனிந்து பார்த்தேன். சட்டையில் ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் மேஜையிலிருந்த தண்ணீர் ஜக்கைத் தூக்கினார்.

"ஐயோ, ஊத்தாதீங்க மேடம்! ஷாக் அடிக்கும்!"

அலறிக்கொண்டே பெல்ட்டைப் பிய்த்து வராந்தாவில் எறிந்தேன். பாதிச் சட்டையும் அதோடு போனது. பனியனோடு நின்ற என்னைப் பார்த்து அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கரண்ட்டுக்குப் பயப்படுற மாறனா எழுதிட்டு வாங்க. போடலாம்."

இதுவரை பதினோரு பாகங்கள் வந்துவிட்டன. வீட்டில்தான் மரியாதை இல்லை. நான் மிக்ஸி சுவிட்சில் கை வைத்தால் போதும், அக்கா மகள் செம்பு நிறையத் தண்ணீரோடு பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

"மாமா, ஊத்தட்டுமா?"