கார்பரேற்றரைக் கெடுக்க வந்த அம்மான்

ஸ்ரார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளோடு ஒரு மனிதன் நிம்மதியாக இருக்கலாம். தள்ளிக்கொண்டு போனால் போயிற்று. ஸ்ரார்ட் ஆகி, நின்ற இடத்தில் ஒருக்கால் அலறி, ஒருக்கால் முனகி, நிற்கவோ இருக்கவோ என்று இழுத்தடிக்கிற மோட்டார் சைக்கிள்தான் ஆளைக் கெடுக்கும். முதலில் பெற்றோலில் சந்தேகம் வரும். பிறகு பெற்றோல் விற்றவனில். அதற்குப் பிறகு பக்கத்தில் நின்று பார்க்கிறவனில். நான் இந்த மூன்றாவது கட்டத்துக்கு வந்த நேரம் பக்கத்தில் நின்று பார்த்தவர், எனக்குப் பெண் தரலாமா என்று ஒளித்து விசாரிக்க வந்த பெண்ணின் தாய்மாமன்.

(இதை முதலே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாமல் இருந்தது காணும். உங்களுக்கும் தெரியாமல் இருக்கத் தேவையில்லை.)

அறுபதுகளின் தொடக்கம். பரந்தனில் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதை மேற்பார்க்கிற வேலை எனக்கு. ஊருக்குத் திரும்பிப் போகவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தேன். அதற்கு இரண்டு கார்பரேற்றர். எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற சாமான் அது. சோடி மாடு மாதிரி இரண்டும் ஒரே அளவில் இழுக்கவேணும். என்னுடையதில் ஒன்று நடக்க மற்றது படுத்தது. படுத்ததை எழுப்பினால் நடந்தது ஓடத் தொடங்கியது.

தண்ணீர் இறைக்கிற மெசின்களைக் கழற்றிப் பூட்டிய துணிவில் நானே வைத்தியத்தில் இறங்கினேன். திருகாணிகளை முறுக்கினேன், தளர்த்தினேன். நுண்ணிய துளைகளை வாயால் ஊதித் துப்புரவாக்கினேன் (இரண்டு நாள் சோற்றிலும் பெற்றோல் மணம்). பொருத்துகளில் காற்றுக் கசியுதோ என்று சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். மண்ணெண்ணெய் கலந்திருக்கோ என்று வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி பெற்றோல் விட்டேன். கறையே இல்லாமல் காய்ந்தது.

"உம்மடை மெசினுக்குச் சன்னி பிடிச்சிருக்கு தம்பி. வேப்பிலை அடிச்சுப் பாரும்" என்றார் எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முத்தையா.

நான் வேறு முடிவுக்கு வந்தேன். பெற்றோலில் பிழை இல்லை, எஞ்சினில் பிழை இல்லை. அப்படியென்றால் நான் இல்லாத நேரம் ஆரோ கை வைக்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் அம்மா பஸ்ஸில் வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தா: "புதுக்குடியிருப்பில ஒரு இடம் பொருந்தியிருக்கு. ஆளை விட்டு விசாரிப்பினம். ஒழுங்காய் நட." அந்தப் பெண்ணைக் கோயில் பொங்கலில் ஒருக்கால் கண்டிருந்தேன். அந்த ஒருக்கால் எனக்குக் காணும். அன்று முதல் தினமும் தலை சீவினேன். காரில் வந்திறங்கிய எல்லோருக்கும் கும்பிடு போட்டேன். விசாரிக்க வருகிறவர் சால்வை போட்டுக் காரில்தான் வருவார் என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

அவரோ இடுப்பில் லுங்கி மாதிரிச் சரமும் கையில் குடையுமாக முத்தையா கடை வாங்கிலில் இருந்தார். நான் மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்து எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஒருவாறு சீராக முனகியது. அவர் எழுந்து இடப்பக்கமாக என்னை நோக்கி வந்தார். நான் கைபிடியோடு அவர் பக்கம் திரும்பினேன். எஞ்சின் பேய் கண்டது மாதிரி அலறியது.

"தம்பி, இது உம்மடையோ?"

"ஓம். ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான். ராவில எங்க நிப்பாட்டிறனீர்?"

"வீட்டில."

"வீட்டில தனியவோ? ஆரும் வந்து போறவையோ? நித்திரைக்கு எத்தினை மணி செல்லும்?"

கள்ளனுக்கு இதைவிடத் திறமாகக் கேள்வி எழுதிக்கொடுக்க ஏலாது. "நீங்கள் எவ்விடம்?" என்றேன்.

"தர்மபுரம். மாடொண்டு பாக்க வந்தனான்."

அவர் விலகிப் போனார். நான் நேரே திரும்பினேன். எஞ்சின் அடங்கியது. கை வைக்கிற ஆள் இவர்தான் என்று கணக்குப் போட்டேன்.

பின்னேரம் முத்தையாவிடம் விசாரித்தேன். "அந்தாளோ? விதைநெல் வாங்க வந்ததெண்டு சொன்னவர். உம்மைப் பற்றித்தான் வலு கதை" என்றார். மாடா, நெல்லா? வாக்குமூலம் பிசகிவிட்டது.

அடுத்த நாளும் அவர் வந்தார். கிட்ட வந்ததும் எஞ்சின் அலறியது. எனக்கு இனி ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை. ஊர்த் தலைவரான விதானையாரிடம் அவரை ஒப்படைப்பது என்று தீர்மானித்தேன்.

"ஐயா, நல்ல மாடொண்டு இருக்கு. ஏறுங்கோ, காட்டுறன்."

அவர் என்னைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு பார்க்க வந்ததாகச் சொன்ன வாயால் மறுக்க முடியவில்லை. குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினார். வழியிலும் விசாரணை நிற்கவில்லை.

"தம்பி குடிக்கிறனீரோ?"

"ஏன், நான் குடிச்சிட்டுப் படுத்தால் வசதியோ?"

அவர் குடையைக் கக்கத்தில் இறுக்கினார்.

விதானையார் வீட்டுக்கு வாய்க்கால் வரம்பில் இடப்பக்கம் திரும்பவேணும். திரும்பினேன். எஞ்சின் கத்திக்கொண்டு பாய்ந்தது. எங்கள் இருவரையும் வாய்க்காலில் இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிள் மட்டும் வரம்பில் சாய்ந்து அலறிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் இடுப்பளவு. குடை தானாக விரிந்து மிதந்து போனது. (அந்தத் தண்ணீரைக் காலையில் திறந்துவிட்டவனும் நான்தான்.)

சத்தம் கேட்டு விதானையார் வெளியே வந்தார். "கந்தப்பு அண்ணை, நீங்களோ? வாய்க்காலுக்க என்ன செய்யிறியள்?" பிறகு என்னைப் பார்த்து, "எட தம்பி, உமக்குப் பேசின பொம்பிளையின்ர அம்மான் எல்லோ இவர்" என்றார்.

ஒழுங்கான மனிதன் அந்த நேரம் அவர் காலில் விழுந்திருப்பான். நான் வரம்பில் ஏறி, அலறுகிற மோட்டார் சைக்கிளின் கைபிடியை வலப்பக்கம் திருப்பினேன். அடங்கியது. இடப்பக்கம் திருப்பினேன். அலறியது. குனிந்து பார்த்தேன். வேலைக்குக் கொண்டுபோகிற கந்தோர்ப் பையைக் கைபிடியில் கட்டிய என்னுடைய சணல் கயிறு, கார்பரேற்றர்களுக்குப் போகிற, பெற்றோலைக் கூட்டுகிற கம்பியையும் சேர்த்து இறுக்கியிருந்தது. இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தக் கம்பி இழுபட்டு எஞ்சின் அலறியிருக்கிறது. கடைப்பக்கம், அவர் பக்கம், நான் சந்தேகப்பட்டுத் திரும்பிய ஒவ்வொரு முறையும்.

"ஐயா, கண்டுபிடிச்சிட்டன்" என்றேன் சந்தோசத்தில். "நீங்கள் ஒண்டும் செய்யேல்லை."

அதை அவர் தண்ணீருக்குள் நின்று கேட்டார்.

"நான் என்ன செய்தனெண்டு நினைச்சனீர்?"

"கார்பரேற்றருக்கு ஏதோ செய்யிறியள் எண்டு."

"சரி" என்றார் அம்மான். "இப்ப கையைத் தாரும், நான் ஏற."

அதற்குப் பிறகு புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கயிற்றை அவிழ்த்ததோடு மோட்டார் சைக்கிள் பூனை மாதிரி முனகத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

அங்கே நடந்ததைப் பிறகு என் மனைவி சொன்னாள். (ஓம், அவள்தான்.) "சந்தேகக்காரனுக்குப் பிள்ளையைக் குடுக்கேலாது" என்று அவளுடைய தாய், என் மாமி, ஒற்றைக்காலில் நின்றிருக்கிறா. அம்மான்தான் மறித்திருக்கிறார். "பரந்தனில கேட்ட ஆக்களெல்லாம் பொடியன் தங்கமெண்டினம். எந்தப் பொடியனைக் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவினம், நான் நம்பிறேல்லை. ஆனா மாடு காட்டுறன் எண்டு சொல்லேக்க அவன்ர முகம் போன போக்கைப் பாத்தனான். பொய் அவனுக்கு ஓடாது. எங்க கொண்டு போறான் பாப்பமெண்டுதான் ஏறினனான். ஆரும் இவனை ஏமாத்தலாம், இவன் ஒருத்தரையும் ஏமாத்த மாட்டான்."

அப்போது அவள் குசினிக்குள் அடுப்பருகில் இருந்து, "அம்மான், அவரின்ர மோட்டார் சைக்கிள் திருந்திட்டுதோ?" என்று கேட்டிருக்கிறாள். மாமி அதோடு வாயை மூடிக்கொண்டா.

காலம் போய் எங்கள் மகளுக்குச் சம்பந்தம் ஒன்று வந்தபோது, பொடியனை விசாரித்து வரச்சொல்லி மனைவியோடு அம்மானிடம்தான் போனேன். அவர் கதிரையில் சாய்ந்தார்.

"போறன். பொடியனிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கோ?"

"இருக்கு அம்மான்."

"அப்ப பிள்ளை, மாத்துச் சரம் ஒண்டு மடிச்சுத் தா."

சிரித்துக்கொண்டே என் மனைவி மடித்துக் கொடுத்தாள். இப்போதும் எங்கள் குடும்பத்தில் ஆரும் மாப்பிள்ளை விசாரிக்கப் புறப்பட்டால், வாசலில் நின்று ஒருவர் கட்டாயம் கேட்பார்: "சரம் வைச்சிட்டியளோ?"